கப்பல் போன பிறகு வந்த கடிதம்

கடிதம் வந்தது அக்டோபர் ஒன்பதாம் தேதி. வருடத்துக்கு ஒருமுறை வரும் சரக்குக் கப்பல், கனடாவின் வடகோடியிலுள்ள நுவுக்தாக் விரிகுடாவை விட்டுக் கிளம்பியது செப்டம்பர் இருபத்தெட்டாம் தேதி. நடுவில் பதினொரு நாள்.

மீன் பதனிடும் கூடத்தை நடத்திவந்த லீட்டியா கடிதத்தை நின்றபடியே படித்தாள். 'உங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறோம்' என்று முதல் வரி. புது ப்ரீசர் வாங்க இரண்டு வருடமாக எழுதி, திருத்தி, மறுபடி எழுதிக் கேட்ட மானியம். கூடத்தில் இருந்த பழைய ப்ரீசர் ஒரு மீனை உறைய வைக்க இரண்டு நாள் எடுத்துக்கொள்ளும். அதற்குள் சதை தளர்ந்துவிடும். மாண்ட்ரியாலில் வாங்குகிறவர் ஒவ்வொரு கோடையிலும் விலையைக் குறைத்துக்கொண்டே வந்தார். புது ப்ரீசர் வந்தால் நல்ல விலை கிடைக்கும், ஆறு வாரத்தோடு மூடுகிற கூடத்தை இன்னும் கொஞ்சம் திறந்து வைக்கலாம், பதினெட்டுப் பேருக்கு வேலை நீளும் என்பது அவள் கணக்கு.

கடிதத்தின் கடைசிப் பத்தியில்தான் கொக்கி இருந்தது. மார்ச் முப்பத்தொன்றுக்குள் பொருள் ஊருக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும். தவறினால் மானியம் அரசுக்கே திரும்பிப் போகும்.

அடுத்த கப்பல் ஆகஸ்டில்தான்.

விமான நிலையத்தில் சரக்கைக் கவனிக்கும் கீலாவிடம் போனாள். கீலாவுக்கு முப்பத்தொரு வயது, லீட்டியாவுக்கு நாற்பத்தாறு. ஆனால் லீட்டியாவின் அம்மா இறந்த மாதத்தில் பிறந்ததால் அந்த அம்மாவின் பெயரைக் கீலாவுக்கு வைத்திருந்தார்கள். பெயர் வந்தால் உறவும் கூடவே வந்துவிடும். கீலா அவளை "மகளே" என்பாள், அவள் கீலாவை "அம்மா" என்பாள். ஊரில் யாரும் இதற்குச் சிரிப்பதில்லை.

"அம்மா, ப்ளேன் கதவு எவ்வளவு அகலம்?"

"உன் ப்ரீசர் எவ்வளவு அகலம்னு முதல்ல சொல்லு."

லீட்டியா சொன்னாள். கீலா வயிறு குலுங்கச் சிரித்தாள்.

"மகளே, ப்ளேனைத் தூக்கி உன் ப்ரீசருக்குள்ள வச்சிரலாம். அதுதான் நடக்கும்."

நவம்பரில் தெற்கிலிருந்து போன் வந்தது. பேசியவர் கரோன் என்ற அதிகாரி. வடக்கு ஊர்களின் மானியக் கோப்புகள் இருபதுக்கு மேல் அவர் மேசையில் இருந்தன. நான்கு மாதத்துக்கு முன்புதான் அந்த வேலைக்கு வந்திருந்தார். குரலில் அவசரமும் இருந்தது, கனிவும் இருந்தது.

"லீட்டியா, கவலைப்படாதீங்க. இதுக்கு ஒரு வழி இருக்கு. ப்ரீசர் கம்பெனிக்கு இப்பவே முழுப் பணத்தையும் கட்டிருங்க. மார்ச்சுல ஒரு தாள் அனுப்புறேன், 'பொருள் வந்து சேர்ந்தது'ன்னு ஒரே ஒரு வரி. அதுல கையெழுத்துப் போடுங்க. பொருள் ஆகஸ்டுல வந்துரும். யாருக்கும் நஷ்டமில்ல."

"வராத பொருளை வந்துச்சுன்னு எழுதணுமா?"

"தாளுக்காகத்தாங்க. எல்லா ஊர்லயும் இப்படித்தான் சமாளிக்கிறாங்கன்னு இங்க சொன்னாங்க. பணம் திரும்பிப் போயிட்டா மறுபடி கிடைக்க எத்தனை வருஷம் ஆகுமோ. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவர் நல்லதுக்குத்தான் சொல்கிறார் என்பதில் லீட்டியாவுக்குச் சந்தேகமில்லை. யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். வைத்த கை சிறிது நேரம் போன் மேலேயே இருந்தது.

பதினாறு வருடத்துக்கு முன்பு அவளுடைய அண்ணன் பிலிபூசி இதே வரியில் கையெழுத்துப் போட்டிருந்தான். அப்போது அவன் ஊர் மன்றத்தில் செயலாளர். படகுகளுக்குப் பனிக்கட்டி தயாரிக்கும் இயந்திரம் ஒன்று வரவேண்டியிருந்தது. கப்பலுக்கு முன்பே தாள் வந்தது, கையெழுத்தும் போய்ச் சேர்ந்தது. இயந்திரம் மட்டும் வரவேயில்லை. பணம் வாங்கிய கம்பெனி அந்த வசந்தத்திலேயே இழுத்து மூடப்பட்டது. விசாரணைக்கு இரண்டு பேர் வந்து அவனை ஊர்க்கூடத்தில் உட்கார வைத்து மூன்று நாள் கேள்வி கேட்டார்கள். அவன் ஒரு காசு எடுக்கவில்லை என்பது கடைசியில் தெரிந்துவிட்டது. ஆனால் ஊருக்கு ஐந்து வருடம் எந்த மானியமும் இல்லை என்று உத்தரவு வந்தது. அந்த ஐந்து வருடமும் கடையில், தேவாலயத்தில், பெட்ரோல் பம்பில் ஜனங்கள் அவனிடம் அளவாகப் பேசினார்கள். அவன் வேலையை விட்டான். அதற்குப் பிறகு எந்த அலுவலகத்தின் படியையும் மிதிக்கவில்லை. வலையும் பனிவண்டியுமாக ஏரியே கதி என்று இருந்தான்.

லீட்டியா அன்று சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனாள். பிலிபூசி தரையில் அட்டையை விரித்து, உறைந்த கரிபூ மான் இறைச்சியைச் சீவித் தின்றுகொண்டிருந்தான். கத்தியை அவள் பக்கம் நகர்த்தினான். அவளும் உட்கார்ந்து ஒரு துண்டு சீவிக்கொண்டாள். பிறகு விஷயத்தைச் சொன்னாள்.

அவன் மென்றபடியே கேட்டான்:

"அந்த ஆள் குரல் எப்படி?"

"நல்ல மனுஷன் மாதிரிதான் இருக்குண்ணே."

"அப்படித்தான் இருக்கும்."

"நான் போடமாட்டேன்."

"போடாதன்னு நான் சொல்லல. பதினெட்டுக் குடும்பம் உன் கையில இருக்கு. நீ முடிவு பண்ணு." அவன் இன்னொரு துண்டு வெட்டினான். "ஆனா எனக்கு ஒண்ணு புரியல. எதுக்கு இந்த ப்ரீசரு?"

"மீனை உறைய வைக்கத்தான். வேற எதுக்கு?"

பிலிபூசி எழுந்துபோய் வாசல் கதவைத் திறந்தான். குளிர் வெள்ளைப் புகையாக உள்ளே புகுந்தது. உள்ளறையிலிருந்து அவன் மனைவி, "கதவைச் சாத்துய்யா, பைத்தியமா பிடிச்சிருக்கு!" என்று கத்தினாள்.

"இதை விடவா பெரிய ப்ரீசர் வேணும்? டப்பாவுல அடைச்ச குளிரைத் தெக்குலேருந்து கப்பல்ல வாங்குறீங்களே, உங்களைப் பாத்தா நரி கூடச் சிரிக்கும்."

"கோடையில ஆத்துல வர்ற மீனுக்குண்ணே அது."

"ஏன், குளிர்காலத்துல ஏரியில மீன் இல்லையா? அதே இக்காலுக் மீன்தான், அதே சிவப்புச் சதைதான். கொழுப்பு இன்னும் ஜாஸ்தி. நாங்க தின்னுட்டுத்தான இருக்கோம்."

"பிடிச்சிரலாம். அனுப்புறது? குளிர்காலத்துல கப்பல் ஏது? ப்ளேன் கூலி குடுத்தா மீன் வித்த காசு அதுக்கே போயிரும்."

"அப்ப ப்ரீசருக்குப் பதிலா அந்தக் கூலியைக் கேளு" என்றான் அவன். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான்.

அவள் வீட்டுக்கு நடந்து வருகையில் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். மறுநாள் கரோனுக்குப் போன் போட்டு, கையெழுத்துப் போட முடியாது என்று சொன்னாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. குளிர்காலத்தில் ஏரி மீன் வெளிக்குளிரிலேயே உறைந்துவிடும், ப்ரீசருக்குத் தந்த பணத்தை அந்த மீனின் விமானக் கூலிக்கும், பனிவண்டி பெட்ரோலுக்கும், மீன் பிடிப்பவர்களின் தினக்கூலிக்கும் மாற்றித் தர முடியுமா என்று கேட்டாள்.

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. "இது கருவி வாங்குற மானியம், லீட்டியா. வானிலைக்கெல்லாம் மானியம் கிடையாது."

"வானிலை சும்மா கிடைக்குது. அதுக்கு நான் பணம் கேக்கல."

அவர் சிரித்துவிட்டார். பிறகு, "மேல இருக்கிறவங்ககிட்ட இதைச் சொல்லணும்னா நான் கண்ணால பாத்திருக்கணும். வந்து பாக்கலாமா?" என்றார்.

ஜனவரி கடைசியில், இரண்டு முறை புயலால் திரும்பிப்போன பிறகு, மூன்றாவது விமானத்தில் கரோன் வந்து இறங்கினார். முப்பத்தைந்து வயது இருக்கும். தெற்கில் விலை உயர்ந்த கடையில் வாங்கிய நீலக் கோட்டு போட்டிருந்தார். கீலா அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"மகளே, இந்தக் கோட்டோட இவரை ஏரிக்குக் கூட்டிட்டுப் போனா, இவரையும் மீனோட அடுக்கித்தான் அனுப்பணும்."

ஊர் மொழியில் அவள் சொன்னது கரோனுக்குப் புரியவில்லை. ஆனால் எல்லாரும் சிரித்ததும் அவரும் சிரித்தார். லீட்டியா தன் கணவனின் தோல் அங்கியையும் கால்சட்டையையும் கொடுத்து உடுத்தச் செய்தாள். கால்சட்டை அவருக்கு முழங்காலுக்குக் கொஞ்சம் கீழேதான் வந்தது. பூட்ஸ் மீதியை மறைத்தது.

மறுநாள் காலை பிலிபூசியின் பனிவண்டிக்குப் பின்னால் கட்டிய சறுக்குவண்டியில் இரண்டு மணி நேரப் பயணம். அண்ணன் வருவான் என்று லீட்டியா எதிர்பார்க்கவில்லை. விடிந்ததும் வாசலில் எஞ்சின் சத்தம் கேட்டது, அவ்வளவுதான். அதிகாரியை அவன் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. சறுக்குவண்டியில் மான் தோலை விரித்து, உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினான்.

ஏரியில் முந்தின நாளே பனிக்கட்டிக்கு அடியில் வலை விட்டிருந்தார்கள். துளையில் படிந்திருந்த புதுப் பனிக்கட்டியை உடைத்து வலையை இழுத்தபோது முதல் மீன் வெளியே வந்தது. முழங்கை நீளம், வயிறு ஆரஞ்சு நிறம். பிலிபூசி அதை அடித்து, கீறி, குடலை எடுத்து, சுத்தமான பனியில் மற்ற மீன்களைத் தொடாமல் தனியாகக் கிடத்தினான். லீட்டியா கூடத்திலிருந்து கொண்டுவந்த வெப்பமானியின் ஊசியை மீனின் முதுகில் தடித்த இடத்தில் செருகிவிட்டாள். காற்றில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்து நாலு டிகிரி.

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே மீனின் வால் விறைத்தது. கண் மேல் வெண்மை படர்ந்தது. கரோன் குனிந்து விரலால் தட்டினார். மரக்கட்டையைத் தட்டியது போலச் சத்தம் வந்தது.

"இவ்வளவு சீக்கிரமா!"

"இது மேலதான். உள்ள உறைய ரெண்டு மூணு மணி நேரம் ஆகும்" என்றாள் லீட்டியா. "எங்க கூடத்துப் பழைய ப்ரீசருக்கு ரெண்டு நாள்."

காத்திருக்க வேண்டியிருந்தது. கூடாரம் போட்டு, அடுப்பைப் பற்ற வைத்துத் தேநீர் போட்டார்கள். லீட்டியா பன்னாக் ரொட்டியை அடுப்பில் காட்டிச் சூடாக்கினாள். கதகதப்பு ஏற ஏற கரோனுக்கு வாய் திறந்தது. வலை, பனிக்கட்டி, எத்தனை பேர் வருவார்கள், வாரத்துக்கு எத்தனை மீன் என்று கேட்டார். பிலிபூசி ஒற்றை ஒற்றை வார்த்தையாகப் பதில் சொன்னான். பிறகு கரோன் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு லீட்டியாவைப் பார்த்துச் சொன்னார்:

"ஒரு சிக்கல் இருக்கு, மறைக்க விரும்பல. உங்க ஊர்க் கோப்பைத் தோண்டிப் பாத்தேன். பழைய குறிப்பு ஒண்ணு இருக்கு. யாரோ ஒரு செயலாளர் வராத இயந்திரத்துக்குப் பொய்க் கையெழுத்துப் போட்டிருக்காரு. அதனால இந்த ஊர்னாலே மேல இருக்கிறவங்க யோசிப்பாங்க. ஒரு ஆள் பண்ண காரியம், பாருங்க, இன்னும் ஊரையே..."

லீட்டியா ரொட்டியைக் கீழே வைத்தாள். அண்ணனைப் பார்க்கத் தைரியமில்லை.

"அந்த ஆள் நான்தான்" என்றான் பிலிபூசி.

கரோன் திரும்பி அவனைப் பார்த்தார்.

"உன் நாற்காலியில அப்ப வேற ஒருத்தர் இருந்தாரு" என்று பிலிபூசி நிதானமாகத் தொடர்ந்தான். அவன் இவ்வளவு நீளமாகப் பேசி லீட்டியா கேட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. "போன்லதான் சொன்னாரு. ஒரே வரி, தாளுக்காகத்தான், எல்லா ஊர்லயும் இப்படித்தான்னாரு. நல்ல மனுஷன். எங்க வீட்டுப் பிள்ளைங்க பேரெல்லாம் கேட்டாரு. அவரு மேல எனக்குக் கோபமில்ல. விசாரணை வந்தப்ப அவரு வேற வேலைக்குப் போயிட்டாரு. நான் இங்கதான் இருந்தேன். நான் எங்க போவேன்?"

கரோன் முகம் சிவந்தது. குளிரா வெட்கமா என்று சொல்ல முடியவில்லை. கோப்பையைக் கீழே வைத்தார்.

"நவம்பர்ல உங்க தங்கச்சிகிட்ட நானும் அதையேதான் சொன்னேன்."

"தெரியும்."

"அதே வார்த்தை. கிட்டத்தட்ட அதே..." அவர் தலை குனிந்தார். "மன்னிச்சிருங்க. அதுக்குப் பின்னால ஒரு ஆள் இருப்பாருன்னு நான் நினைச்சே பாக்கல."

பிலிபூசி அவரைப் பார்த்தான். அன்று காலையிலிருந்து முதல்முறையாக நேராகப் பார்த்தான். பிறகு கெண்டியை எடுத்து அவர் கோப்பையில் தேநீரை ஊற்றினான்.

"குடி. பேசிட்டே இருந்தா இதுவும் உறைஞ்சிரும், அப்புறம் இதுக்கும் மானியம் கேக்கணும்."

லீட்டியாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்தது. வெப்பமானியைப் பார்க்கப் போவதாகச் சொல்லி வெளியே வந்தாள். கொஞ்ச நேரம் ஏரியைப் பார்த்தபடி நின்றாள். கூடாரத்துக்குள் இரண்டு ஆண்களின் குரல் கேட்டது. அண்ணன்தான் அதிகம் பேசிக்கொண்டிருந்தான்.

மூன்று மணி நேரத்தில் மீனின் நடுச்சதை, மாண்ட்ரியாலில் வாங்குகிறவர் கேட்கும் குளிருக்கு இறங்கியிருந்தது. கரோன் அதைப் படம் எடுத்தார், நேரத்தைக் குறித்துக்கொண்டார்.

அவர் ஊருக்குப் போய் மூன்று வாரம் ஒரு தகவலும் இல்லை. பிப்ரவரி இருபதாம் தேதி பதில் வந்தது. கேட்டதில் பாதிதான் தர முடியும். விமானக் கூலி, பெட்ரோல், கூலி மூன்றுக்கும் ஒப்புதல், மார்ச் கடைசி வரை மட்டும். ப்ரீசருக்கான மீதிப் பணம் திரும்பிப் போகும், அதற்கு மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். பாதி போனதே என்று லீட்டியா ஒரு நாள் முழுக்க வருத்தப்பட்டாள். மறுநாள் உள்ளூர் வானொலியில் அறிவித்தாள். பதினான்கு பேர் வந்தார்கள். அதில் ஐந்து பேர் பெண்கள். முன்பு பிலிபூசியிடம் அளவாகப் பேசியவர்களில் இரண்டு பேர்கூட வந்து, எந்த ஏரியில் வலை விடலாம் என்று அவனிடமே கேட்டார்கள். அவன் சொன்னான். சொல்லும்போது முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

ஐந்து வாரம் ஊர் ஓயாமல் வேலை செய்தது. காலையில் பனிவண்டிகள் வரிசையாகக் கிளம்பும், இருட்டும் நேரத்தில் விறைத்த மீன்களைச் சுமந்து திரும்பும். கூடத்தில் கழுவி, மேலே பனிப்படலம் ஏறத் தண்ணீரில் முக்கி எடுத்து, பெட்டியில் அடுக்குவார்கள். முதல் சுமை நல்லபடியாகப் போனது. மாண்ட்ரியாலிலிருந்து வாங்குகிறவரே போன் செய்து, இவ்வளவு உறுதியான சதையை நுவுக்தாக்கிலிருந்து பார்த்ததில்லை என்றார்.

இரண்டாவது சுமை கெட்டது. நடு வழியில் விமானம் மாற்றும் ஊரில் பனிப்புயல். நோயாளி ஒருவரை ஏற்ற வேண்டியிருந்ததால் மீன் பெட்டிகளை இறக்கிவிட்டார்கள். இறக்கிய ஆள் பாவம், நல்ல எண்ணத்தில், பெட்டிகள் நனையக் கூடாதென்று வெப்பமூட்டிய அறைக்குள் அடுக்கினான். மூன்றாம் நாள் கதவைத் திறந்தபோது தரையெல்லாம் மீன் தண்ணீர்.

செய்தி கேட்டு லீட்டியா கூடத்து முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். இருநூற்றுப் பத்து மீன். ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் உறைகுளிரில் வெறும் கையால் வலையிலிருந்து பிரித்தெடுத்தது.

கீலா உள்ளே வந்தாள். "அழுறியா?"

"இல்லம்மா."

"அழுதா அழுது முடி. எனக்கு வேலை இருக்கு." கையில் சிவப்புச் சாயடப்பா வைத்திருந்தாள். அடுத்த சுமையின் பெட்டிகள் ஒவ்வொன்றிலும் நான்கு பக்கமும் பெரிய எழுத்தில் எழுத ஆரம்பித்தாள்: 'வெளியே வை. உள்ளே வைத்தால் கீலா வருவாள்.'

"கீலா யாருன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வந்தா தெரிஞ்சுக்கட்டும்" என்றாள் கீலா. போகிற வழியெல்லாம் இருந்த சரக்கு ஆட்களுக்கு அவளே போன் போட்டு, பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டாள். அதற்குப் பிறகு எந்தப் பெட்டியும் உள்ளே போகவில்லை. மொத்தம் ஏழு சுமை அனுப்பினார்கள். ஆறு போய்ச் சேர்ந்தது.

மார்ச் முடிந்தது. கடைசி அறிக்கையில் இரண்டாவது சுமை கெட்டதையும் லீட்டியா ஒளிக்காமல் எழுதினாள். அதை அன்றே அனுப்பினாள். நான்காம் நாள் கரோன் போன் செய்தார். கெட்ட சுமையைப் பற்றிக் கேள்வி வந்ததாம், இவர் பதில் சொன்னாராம், சரி என்று விட்டுவிட்டார்களாம்.

"இன்னொண்ணு. அந்தப் பழைய குறிப்பை என்னால அழிக்க முடியாது, லீட்டியா. ஆனா அதோட ஒரு கடிதம் சேத்திருக்கேன். அன்னைக்கு அந்தக் கையெழுத்தைக் கேட்டது எங்க அலுவலகம்னு எழுதி, என் பேரைப் போட்டிருக்கேன். உங்க அண்ணன்கிட்டச் சொல்லுங்க."

அவள் சொன்னாள். பிலிபூசி வலையைத் தைத்துக்கொண்டிருந்தான். "அந்த ஆளுக்கு வேலை போயிராதே?" என்று மட்டும் கேட்டான். போகாது என்றதும் தலையாட்டினான். அன்று ராத்திரி சாப்பாட்டின்போது அவன் இரண்டு முறை சிரித்ததாக அவன் மனைவி மறுநாள் வந்து சொன்னாள். எதற்குச் சிரித்தான் என்று அவளுக்கும் தெரியவில்லை.

ஏப்ரல் நடுவில் கூடத்துப் போன் அடித்தது. லீட்டியா எடுத்தாள். மறுபக்கம் ஒரு பெண், அவளுடைய மொழியையே மேற்குக் கரையின் இழுவையோடு பேசினாள். தன் பெயர் நிவியாக் என்றாள். நானூறு மைலுக்கு அப்பால், விரிகுடாவின் அந்தப் பக்கத்து ஊர். மானியக் கடிதம் தங்களுக்கும் கப்பல் போன பிறகுதான் வந்தது, பணம் மார்ச்சில் திரும்பிப் போய்விட்டது, அடுத்த குளிர்காலத்தில் ஏரி மீனுக்குக் கேட்க நினைக்கிறோம், கரோன் என்பவர் இந்த நம்பரைக் கொடுத்தார் என்றாள். பேசவே தயங்கினாள்.

"உங்க நேரத்தைக் கெடுக்கிறேனோ?"

"கெடுக்கல. உங்க ஏரி ஊர்லேருந்து எவ்வளவு தூரம்?"

"ஒரு மணி நேரம்தான்."

"குடுத்து வச்சவங்க. சரி, எழுதிக்கிறீங்களா?"

"இருங்க, பேனா எடுத்துக்கிறேன்."

லீட்டியா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு முக்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"முதல்ல, மீனை ஒண்ணு மேல ஒண்ணு போடக் கூடாது. தனித்தனியா, காத்து படுற மாதிரி வைக்கணும்…"